கண்டியா, ஹட்டனா, பண்டாரவளையா? கொழும்பை விட்டு மலையேற நினைப்பவருக்கு

கொழும்பில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்து, கையில் ஒரு தொழிலும் கொஞ்சம் சேமிப்பும் உள்ள மலையகத்தாரிடம் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது: திரும்பி மேலே போய்விடலாமா? போவதென்றால் எந்த டவுனுக்கு? 2020 ஊரடங்கிலும் 2022 எரிபொருள் வரிசைக் காலத்திலும் மடிக்கணினியோடு ஊருக்கு வந்து சில மாதம் வேலை செய்தவர்களுக்கு, முடியும் என்று தெரிந்துவிட்டது. முடியும் என்பதும் நிலைக்கும் என்பதும் வேறு வேறு என்பதையும் அவர்களில் பலர் அறிந்துகொண்டார்கள்.

இதே கேள்வியை மறுபக்கமிருந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஹட்டனில் கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறவர், பதுளையில் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர், பண்டாரவளையில் ஹோட்டல் கட்டி மனேஜர் தேடுகிறவர். நல்ல ஆட்கள் வருவதில்லை, வந்தாலும் இரண்டு வருடம் தாங்குவதில்லை என்பது அவர்களின் குறை. இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் நான்குக்குக் கடற்கரை கிடையாது. மலைநாடு முக்கால்வாசி அடங்கும் மத்திய, ஊவா, சப்ரகமுவ மூன்றும் அதில் சேர்த்தி. துறைமுகமும் விமான நிலையமும் தலைமை அலுவலகங்களும் ஒரு மூலையில் குவிந்திருக்கும் நாட்டில், உள்நாட்டு மாகாணம் ஒன்றால் ஆட்களை இழுக்க முடியுமா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லாரையும் அல்ல, எல்லா டவுனாலும் அல்ல.

சம்பளத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். மலையகத்தில் சம்பளம் குறைவு, அதனால்தான் யாரும் வருவதில்லை என்று சொல்வது சுலபம். அரச வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் அடிப்படைச் சம்பளம் கொழும்பில் என்னவோ அதுதான் மஸ்கெலியாவிலும். அப்படியிருந்தும் இடமாற்ற விண்ணப்பங்கள் ஒரு திசையில்தான் போகின்றன. விசேட வைத்திய நிபுணரின் வருமானத்தில் பெரும் பங்கு மாலையில் தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்ப்பதிலிருந்து வருகிறது. அந்த ஆஸ்பத்திரிகள் கொழும்பிலும் கண்டியிலும் நிறைய இருக்கின்றன. மேலே அப்படி இல்லை. ஆசிரியருக்கு அந்தக் கணக்குக்கூடக் கிடையாது. அவர் கேட்பது பெரும்பாலும் மூன்றே விஷயம்: எங்கே குடியிருப்பது, என் பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பது, என் மனைவிக்கு அல்லது கணவருக்கு என்ன வேலை. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகை பிரித்துச் சில வருடம் அங்கே சேவை செய்ய வேண்டும் என்று விதி வைத்தார்கள். விதி ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. விதித்த வருடம் முடிந்ததும் பெட்டி கட்டப்படுகிறது.

வெளியாளை வரவழைக்கும் வித்தை இந்த மலைகளுக்குத் தெரியாதது அல்ல. 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து இளம் வயதில் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை போட்டு, சாகும்வரை அங்கேயே இருந்தார். அவருக்குப் பின்னால் வந்த துரைமாருக்குப் பங்களா, சமையல்காரர், தோட்டக்காரர், மாலையில் கிளப் என்று முழு வாழ்க்கையும் தயாராக இருந்தது. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் கொழும்பில் உட்காராமல் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்கு வந்தது. விஞ்ஞானிகளுக்குக் குடியிருப்பும் கூடவே வந்தது. வேலையோடு வீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஆள் வருவார் என்பது இங்கே நூறு வருடத்துக்கு முன்பே நிரூபணமான சங்கதி. அந்தப் பங்களாக்களின் செலவை, வரிசை அறைகளான லயத்தில் இருந்த தொழிலாளர்கள் எப்படிச் சுமந்தார்கள் என்பதை இங்கே எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

சரி, டவுன்களுக்கு வருவோம்.

கண்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணவன் மனைவி இருவரும் மாதச் சம்பளக்காரர்கள் என்றால் கொழும்புக்கு அடுத்தபடி வேலைச் சந்தை என்று சொல்லத்தக்க ஒன்று மலையில் கண்டியில் மட்டும்தான் இருக்கிறது. 1952 இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகம், அதன் மருத்துவ, பொறியியல் பீடங்கள், போதனா வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை, வங்கிகளின் பிராந்திய அலுவலகங்கள், சில மென்பொருள் கம்பனிகள். ஒருவருக்கு வேலை போனாலும் அதே ஊரில் இன்னொன்று தேடலாம். ஹட்டனில் அது நடக்காது. தமிழ் மொழி மூலம் படிக்கவும் நல்ல பள்ளிகள் உண்டு.

ஆனால் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தேசிய பாடசாலையில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வசிப்பிடத்துக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், வீட்டு உறுதி, முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது கொழும்பிலிருந்து வந்து வாடகை வீட்டில் இறங்கும் குடும்பம் அந்தப் போட்டியில் கடைசி வரிசை. கண்டிக்குப் போவதாக முடிவென்றால் பிள்ளை பிறந்த வருடமே போய், பெயரை இடாப்பில் பதிந்துவிட வேண்டும். பிள்ளைக்கு நாலு வயது கடந்துவிட்டதென்றால் இந்த வழியை நம்ப வேண்டாம். தனியார் பாடசாலைக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கண்டிக்கு வந்தவரை மலையகத்துக்கு வந்தவராக எண்ணலாமா? எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கண்டியில் வீடு, மேலே உத்தியோகம், திங்கள் காலை ஏறி வெள்ளி மாலை இறங்குவது என்று வாழும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களின் வேலை நேரம் மேலே கழிகிறது. மாலை நேரமும் பிள்ளைகளின் பள்ளியும் வீட்டுச் செலவும் கீழே. ஒரு டவுன் வளர்வதற்கு அந்த மாலை நேரம்தான் வேண்டும்.

ஹட்டனில் நிலைமை வேறு. படித்த ஆட்கள் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் இங்கேதான், வந்தவருக்குக் கொடுக்க மிகக் குறைவாக இருப்பதும் இங்கேதான். ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். கடை, கோயில், வங்கி, பஸ் நிலையம் எங்கே போனாலும் தமிழிலேயே வாழ்க்கையை நடத்திவிடலாம். கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அதே வசதியை எவ்வளவு வாடகைக்கு வாங்குகிறோம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நல்ல கணக்காளர், ஒரு பல் வைத்தியர், உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கத் தெரிந்த ஒருவர், ஒரு சிவில் சட்டத்தரணி: ஹட்டனில் இவர்களுக்கு வேலை தேட வேண்டியதில்லை, வேலை இவர்களைத் தேடி வரும். பொகவந்தலாவையிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் ஆட்கள் வந்து கூடும் டவுன் அது. கொழும்பில் ஆயிரத்தில் ஒருவராக இருப்பவர் இங்கே பத்தில் ஒருவர்.

பிறகு ஏன் படித்தவர்கள் திரும்பவில்லை? காணிதான். கொழும்பில் வளர்ந்த நண்பர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். யாழ்ப்பாணத்தான் திரும்பினால் அப்பாவின் வளவு இருக்கும். மட்டக்களப்பான் திரும்பினால் ஒரு துண்டு வயலாவது இருக்கும். தோட்டத்தில் பிறந்த பொறியியலாளர் திரும்பினால் இருப்பது அப்பா அம்மாவின் லய அறை. அது அவர்களுடையதும் அல்ல. காணி அரசாங்கத்துடையது; 1992 க்குப் பிறகு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. உறுதி இல்லாத இடத்துக்கு வங்கி கடன் தராது. சின்னக் காணித் துண்டோடு தனிவீடு கொடுக்கும் திட்டங்கள் நடந்துவருகின்றன, இந்திய உதவி வீடுகளும் வந்தன. அவை தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு; கொழும்பில் சம்பாதிக்கும் மகனுக்கோ மகளுக்கோ அல்ல. அதனால் திரும்புகிறவர் டவுனுக்குள் உள்ள கொஞ்சக் காணிக்கு வியாபாரிகளோடு போட்டி போட வேண்டும். மலையகத்தில் பிறந்தவர் மலையகத்தில் அந்நியராகக் காணி வாங்குகிறார். மாகாண சபையோ வேறு யாரோ திறமைசாலிகளை வரவழைக்க ஒரேயொரு காரியம் செய்யலாம் என்று என்னிடம் கேட்டால், ஊக்கத்தொகை வேண்டாம், டவுன் ஓரத்தில் உறுதியோடு, தவணைக் கட்டணத்தில், தொழில் செய்ய வருபவருக்குப் பத்துப் பேர்ச் துண்டுகள் விடுங்கள் என்பேன்.

பள்ளி விஷயத்தில் ஹட்டனுக்கு ஒரு விசித்திரமான பலம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன; கண்டி இல்லை. ஆக, கொழும்பில் மருத்துவ பீடத்துக்குப் போதாத இசட் புள்ளியோடு (உயர்தரப் பரீட்சைத் தரப்படுத்தல் புள்ளி) இங்கிருந்து மருத்துவ பீடத்துக்குப் போகலாம். வெளியிலிருந்து ஆட்களை உண்மையாகவே இழுக்கும் சலுகை மலையகத்தில் இது ஒன்றுதான். ஆனால் இழுபட்டு வருபவர்கள் குடியேறுவதில்லை. உயர்தரம் எழுதுவதற்காகப் பிள்ளையின் பெயரை இங்குள்ள பள்ளியில் பதிந்து, ரியூசனுக்கு வேறெங்கோ அனுப்பி, பரீட்சைக்கு மட்டும் கூட்டிவருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு வருடமும் எழும். உள்ளூர்ப் பிள்ளையின் இடம் போகிறது, ஊருக்கு ஓர் ஆளும் மிஞ்சுவதில்லை. குடும்பத்தோடு வந்து, பிள்ளையை இங்கேயே வருடக்கணக்கில் படிக்க வைப்பவர் அந்தச் சலுகையை நேர்மையாகப் பெறுகிறார், அவரை யாரும் குறை சொல்லப் போவதில்லை. கணித, விஞ்ஞானப் பிரிவுக்குப் போதுமான ஆசிரியர்கள் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை என்பதால் ஹைலண்ட்ஸ் கல்லூரி மாதிரியான ஒன்றிரண்டு பள்ளிகளைச் சுற்றித்தான் தெரிவு அமையும்.

மூன்றாவது கேள்வி, துணையின் வேலை. ஹட்டன் தோற்பது இங்கேதான். ஒருவர் ஆசிரியர் என்றால் மற்றவருக்குத் தோட்ட அலுவலகம், வங்கிக் கிளை, அரசு சாரா நிறுவனம், சொந்தக் கடை. பட்டியல் அத்தோடு முடிந்துவிடுகிறது. இருவரில் ஒருவர் தொலைவிலிருந்து வேலை செய்யக்கூடியவராகவோ சொந்தத் தொழில் தொடங்கத் துணிந்தவராகவோ இருந்தால் ஹட்டன் நடக்கும். இருவரும் கம்பனிச் சம்பளத்தை நம்பியிருந்தால் நடக்காது.

நுவரெலியா டவுனை இந்தப் போட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறேன். அழகுதான். ஆனால் ஹோட்டல்காரர் விலைக்குக் காணி, 1,868 மீட்டர் உயரத்துக் குளிர், ஏப்ரல் சீசனில் வீட்டை விட்டு வெளியே வர முடியாத நெரிசல். ஹோட்டல் துறையில் இருப்பவருக்கு மட்டும் சரி.

பண்டாரவளையை நான் முன்பு இவ்வளவு உயர்வாக எண்ணியதில்லை. சீதோஷ்ணம் இந்த மூன்று டவுன்களிலும் அதுதான் சுகம். ஹட்டன் பக்கத்து மழையும் இல்லை, கண்டிப் புழுக்கமும் இல்லை. பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளின் காசு பக்கத்திலேயே ஓடுகிறது. அதனால் ஹோட்டல் மனேஜர், சமையல் கலைஞர், இணையச் சந்தைப்படுத்தல் தெரிந்தவர் போன்றோருக்குக் கொழும்புக்கு வெளியே நிஜமான வேலை இருக்கிறது. பதுளையில் 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்திலிருந்து கணினி வரை அங்கே படிப்பிக்கிறார்கள். விரிவுரையாளருக்கும் அது வாசல், மென்பொருள் வேலைக்கு இளையவர்களை எடுக்க நினைப்பவருக்கும் அது வாசல். இணைய இணைப்பு பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். ஆனால் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவை தொடங்கியபின், காசு இருந்தால் அது தடையில்லை.

வெளிநாட்டுக் கம்பனிக்கு மடிக்கணினியில் வேலை செய்பவர், தனியாகவோ சின்னக் குழந்தையோடோ இருப்பவர் என்றால், என் தேர்வு பண்டாரவளை. அவர் வந்ததால் பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். வாடகை, மளிகை, ஆட்டோ, பிள்ளையின் பள்ளி வழியாகப் பணம் வருகிறது, சரி. அவருடைய அறிவு திரைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனைக் கூட உட்காரவைத்து வேலை பழக்கினால்தான் கணக்கு நேராகும். சிலர் அதைச் செய்கிறார்கள். பலர் செய்வதில்லை, செய்ய வேண்டுமென்று யாரும் அவர்களைக் கேட்டதுமில்லை.

குறை என்னவென்றால் தூரம். கொழும்பு–கண்டி 1 ஆம் நம்பர் பஸ் மூன்று நாலு மணி நேரத்தில் போய்ச் சேரும். ஹட்டன் 18 க்கு அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேன வழியாக நாலரை, ஐந்து மணி நேரம். பதுளைக்குப் போகும் 99 இல் ஏறிப் பண்டாரவளையில் இறங்க ஆறு மணி நேரத்துக்கும் மேலே. மாதம் ஒரு தடவை அலுவலகத்தில் முகம் காட்ட வேண்டியவருக்கு ஹட்டன் தாங்கும், வாரம் ஒரு தடவை என்றால் கண்டி மட்டும்தான். மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம–குருநாகல் துண்டு 2022 ஜனவரியில் திறந்தது. கண்டிக்கு நேராகப் போகும் துண்டு முடியும்வரை அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்று டவுனுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மூன்று மாவட்டங்களிலும் மலை சரிந்தது, மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. நல்ல காட்சி தெரிகிறது என்று சரிவில் காணி வாங்கும் பழக்கம் கொழும்பிலிருந்து வருபவர்களிடம் அதிகம். உள்ளூர்க்காரர் ஏன் அந்தத் துண்டை இதுவரை விட்டுவைத்தார் என்று முதலில் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். தரகர் எப்படியும் அது பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பார்.

அப்படியானால் யார் எங்கே? இரு சம்பளக் குடும்பம், பிள்ளை இன்னும் கைக்குழந்தை: கண்டி. இணையத்தில் சம்பாதிப்பவர், ஹோட்டல் துறைக்காரர், விரிவுரையாளர்: பண்டாரவளை அல்லது பதுளை. சொந்தமாகத் தொழில் செய்யக்கூடிய கணக்காளர், சட்டத்தரணி, பல் வைத்தியர், ரியூசன் ஆசிரியர்: யோசிக்காமல் ஹட்டன். முதல் மூன்று வருடம் வீட்டு விஷயத்தில் சிரமப்படுவார்கள், அதற்குப் பிறகு கொழும்பில் அதே தொழிலில் இருப்பவரைவிட நன்றாக இருப்பார்கள். விசேட வைத்திய நிபுணர், பெரிய கம்பனியில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் நிர்வாகி, வங்கித் தலைமை அலுவலகத்தில் இருப்பவர் ஆகியோர் கொழும்பிலேயே இருக்கட்டும். அவர்களைப் பாசத்தைச் சொல்லி இழுத்தால் இரண்டு வருடத்தில் கசப்போடு இறங்குவார்கள், அந்தக் கசப்பைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வராமல் போவார்கள்.

ஆள் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். கொழும்பில் பிறந்து வளர்ந்த கெட்டிக்காரரைக் குளிரையும் தேயிலை மலையையும் காட்டி மயக்கப் பார்ப்பது வீண் செலவு. அவருக்கு மலை என்பது விடுமுறை. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்களை உள்ளூரிலிருந்தே எடுத்தார்கள். ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபா. அந்தக் கொடுப்பனவு வெட்கக்கேடு. அதை யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தோட்டத்தில் பிறந்தவருக்கு இடமாற்றம் கேட்டு ஓட வேறு ஊர் இல்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று வருபவர்களுக்கும் அதுவே பொருந்தும். இவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் மேற்படிப்புக்கு வழியும் கொடுப்பது, நகரத்திலிருந்து ஓர் ஆளை இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு எடுப்பதைவிட மலிவு.

கொழும்பிலிருந்து எடுக்கத்தான் வேண்டும் என்றால், பெயரோடு சொந்த ஊரையும் கேளுங்கள். தலவாக்கலையிலோ பசறையிலோ அம்மா அப்பா இருக்கும் ஒருவர், வயது முப்பத்தைந்துக்கு மேல், அவருடைய துணைக்கும் உங்களால் ஒரு வேலை பிடித்துக் கொடுக்க முடியும்: இப்படிப்பட்டவரைத் தேடினால் கிடைப்பார். நேர்முகத் தேர்வுக்கு இருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஏப்ரலில் வேண்டாம். ஜூன், ஜூலையில், வட்டவளையில் மழை கொட்டி ஹட்டன் டவுனில் துணி காயாத வாரத்தில் கூப்பிடுங்கள். அந்த வாரத்தைப் பார்த்த பிறகும் வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்கும் தம்பதிக்கு அன்றே நியமனக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம்.